மண்டி விலை படிக்கத் தெரிந்தவரை எடுங்கள்

ஆசிரியருக்கு,

வேளாண் வணிகச் சங்கங்கள் செய்தித் தொடர்புக்கு ஆள் எடுக்கும்போது, எழுத வருமா என்று மட்டும் பார்க்கின்றன. எண்ணைச் சரிபார்க்க வருமா என்று கேட்பதில்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

கோயம்பேட்டில் விடியலுக்கு முன் சொல்லும் விலை வேறு. வெயில் ஏறியபின் மிச்சச் சரக்கைத் தள்ளிவிடும் விலை வேறு. நாட்டுத் தக்காளிக்கும் நவீன் தக்காளிக்கும் ஒரே விலை கிடையாது. வியாபாரி பெட்டிக் கணக்கில் சொல்வார், அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட் குவிண்டால் (100 கிலோ) கணக்கில் சொல்லும், பத்திரிகைக்குக் கிலோ விலை வேண்டும். ஆகவே ரகம், நேரம், பெட்டியின் நிகர எடை தெரியாமல் எந்த விலையையும் வெளியே அனுப்பக் கூடாது. அக்மார்க்நெட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம், 'மோடல்' என மூன்று விலை இருக்கும். மோடலைச் சராசரி என்று எழுதுவது தவறு. அன்று எந்த விலைக்குச் சரக்கு அதிகமாகக் கைமாறியதோ அதுவே மோடல். அதை விட்டுவிட்டு அதிகபட்சத்தைத் தலைப்பில் போட்டால், நாலு பெட்டி முதல்தரக் காயின் விலை ஊர் விலையாகிவிடும்.

தெருக்கடையில் ஏன் இவ்வளவு விலை என்று நிருபர் கேட்டால், மறுப்பறிக்கை உதவாது. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். குவிண்டால் 2,400 ரூபாய்க்கு வாங்கிய தக்காளியில் 10 கிலோ நசுங்கி அழுகினால், மீதி 90 கிலோவுக்கு அடக்கவிலையே கிலோ 26 ரூபாய் 67 காசு. ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, கடைக்காரர் லாபமெல்லாம் அதற்கு மேல்தான்.

ஏற்றுமதிச் செய்தியில் இன்னும் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் 7 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. துறைமுகத்தில் நிற்கும் சரக்கு போகுமா என்பதே ஏற்றுமதியாளரின் முதல் கேள்வி. முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு விலக்கு உண்டென்று அதே அறிவிக்கையில் இருந்தது. சங்கம் அனுப்பும் சுற்றறிக்கையின் முதல் பத்தியில் அதுதான் வர வேண்டும். அரசுக்கான கோரிக்கை பிறகு. 'தடை' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வாட்ஸ்அப்பில் பறந்தால், சின்ன வெங்காயம் கொண்டுவந்த விவசாயியிடம் அன்றைக்கே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். 2024 மே மாதம் தடை நீங்கியபோதும், டன்னுக்குக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை 550 டாலர், 40 சதவீத ஏற்றுமதி வரி என்ற நிபந்தனைகள் இருந்தன. அவற்றைச் சொல்லாத செய்தியை நம்பி விலை பேசியவருக்கு நஷ்டம்தான்.

புதிதாகச் சேர்பவரை முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு இரவாவது மண்டிக்கு அனுப்புங்கள். எண்ணில் சந்தேகம் இருந்தால், செயலாளரே அவசரப்படுத்தினாலும் அறிக்கையை நிறுத்திவைக்க அந்தப் பணியாளருக்கு அதிகாரம் கொடுங்கள். பத்திரிகைகளும் காய்கறி விலைப் பட்டியலில் ரகத்தையும் நேரத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

வேளாண் வணிகச் செய்திப் பணியாளர்கள் சிலர்,
கோயம்பேடு, சென்னை-107