“தோழி” எத்தனை முறை வருகிறாள்? தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகத் தமிழ்ப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். குறுந்தொகை முழுவதையும் ஒரு கருவியில் போட்டு, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பட்டியல் எடுத்திருந்தார். பட்டியலின் தலையில் “தோழி”. “அகப்பாட்டின் மையம் தலைவி இல்லை, தோழிதான் ஐயா. எண்ணிக்கையே சொல்லுதே” என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். அப்புறம் கோப்பைத் திறந்து பார்த்தோம். இணையத்திலிருந்து இறக்கிய அந்தக் கோப்பில் பாட்டுக்குப் பாட்டு “தோழி கூற்று”, “தலைவி கூற்று” என்று தலைப்பும் சேர்ந்தே இருந்தது. கருவி அதையும் விடாமல் எண்ணியிருந்தது.

கூட்டல் கழித்தலோடு போகிற பிழை இல்லை இது. பாட்டுக்குள் “வாழி தோழி” என்று வந்தால் அது விளி. எதிரே நின்று கேட்பவளைக் குறிக்கிறது. சில பாட்டில் தோழியே தலைவியைத் “தோழி” என்று அழைக்கிறாள். தலைப்பில் வரும் தோழியோ பேசுகிறவள். பேசுபவளையும் கேட்பவளையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணிவிட்டு, அதன்மேல் ஓர் இயலே எழுதியிருந்தார் அந்த மாணவி. தவறு அவருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூற்றுக் குறிப்பு வேறு, பாட்டு வேறு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கருவிக்கு அது தெரியாது, நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

நம் பாடத்திட்டத்தில் கணினித் தமிழ் இருக்கத்தானே செய்கிறது என்பீர்கள். இருக்கிறது. “தமிழ்99 விசைப்பலகை பற்றிக் கட்டுரை வரைக.” “மதுரைத் திட்டம் – குறிப்பு எழுதுக.” நானும் இப்படிக் கேள்வித்தாள் எடுத்தவன்தான். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்குகிற மாணவர், அதன் கோப்பு ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். நீச்சலின் வரலாறு படித்தவரை ஆற்றில் இறக்குகிறோம்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். “குறள்” நமக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடு: க, உகரக் குறி, ற, ள, புள்ளி. எழுத்தெண்ணி யாப்பு ஆராயப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் நிரல் எழுதினால், அடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு வைத்த கட்டளைக் கலித்துறை அவரைப் பார்த்துச் சிரிக்கும். “கொன்றை”யின் கொகரத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் சொற்களைப் பிரிக்கப் பலரும் பயன்படுத்தும் \w+ என்ற தேடல் வடிவம் ஒன்று உண்டு. அது உயிர்க்குறியை எழுத்தாக மதிக்காது. அதில் ஓட்டினால் “தோழி” என்பவள் “த”, “ழ” என்று இரண்டாக உடைந்துபோவாள். சொற்களைத் தேடி எண்ணித்தரும் ஆன்ட்கான்க் போன்ற இலவசக் கருவியில் எதையெல்லாம் சொல்லின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஓர் அமைப்பு இருப்பது தெரிய வேண்டுமே. பழைய அச்சு நூலை வருடி (ஸ்கேன் செய்து) பனுவலாக்கினால் இன்னொரு தொல்லை: காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்கள் வேறேதோ எழுத்தாக வந்து விழும்.

இதெல்லாம் கணினித்துறை வேலை, நமக்கெதற்கு என்று ஒரு கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கோப்பை அச்சுப் பதிப்போடு ஒப்புநோக்குவது, எது மூலம் எது பிற்சேர்க்கை என்று பிரிப்பது, மாற்றியதையெல்லாம் குறித்து வைப்பது – இதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது, பதிப்பு. உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தாரே, அதே வேலை. ஓலைக்குப் பதில் கோப்பு. எண்ணுவதும் நமக்குப் புதிதல்ல. வ.ஐ. சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) 1962இலேயே வந்துவிட்டது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மாட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் உள்ள பெயர்களுக்கு அடைவு செய்து 1978இல் வெளியிட்டார்கள். பெயர்களையும் பட்டங்களையும் அடுக்கி எண்ணித்தான் சோழர் கால நிர்வாகம் பற்றிய பல வாதங்கள் எழுந்தன. அந்த வேலையில் பாதியை இன்று எக்செல் போன்ற ஒரு விரிதாள் செய்துவிடும். மறுபாதியை, அதாவது எதை எண்ணுவது என்ற முடிவை, இன்றும் ஆள்தான் எடுக்க வேண்டும்.

சரி, கேட்பது என்ன? முனைவர் பட்டத்துக்கு முன் எல்லா மாணவரும் ஆய்வு நெறிமுறைப் பாடம் முடித்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அதற்குள் ஒரு பருவம் செய்முறைக்கு ஒதுக்குங்கள். பத்துக் கருவிகளின் பெயர் வேண்டாம். மாணவர் தம் ஆய்வுக்குரிய நூலிலிருந்து ஐம்பது பாட்டோ இருபது கல்வெட்டோ எடுக்கட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, படியில் திருத்தட்டும். பாட்டு, திணை, கூற்று, புலவர் பெயர் எல்லாவற்றையும் விரிதாளில் தனித்தனிப் பத்தியாக (நெடுவரிசையாக) பிரிக்கட்டும். எண்ணுவது அதற்குப் பிறகுதான். கல்வெட்டு மாணவருக்கு ஊர்ப்பெயரைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வைக்கக் கற்றுத்தரலாம். மேற்கோளுக்கு, துணைநூற்பட்டியல் தயாரித்துத்தரும் ஜோடேரோ மென்பொருள் போதும். அது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் தலைப்பெழுத்து முறைக்கு அது ஒத்துவராது. ஒரே கட்டமாக மாற்றும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது. அது தெரியாமல் துணைநூற்பட்டியலில் தந்தை பெயரும் மகன் பெயரும் இடம் மாறிக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வாக இருக்கவே கூடாது. திருத்திய கோப்பும், எங்கே எதை ஏன் மாற்றினேன் என்ற இரண்டு பக்கக் குறிப்பும் போதும். இரண்டு நாள் பயிலரங்கம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து இதை முடித்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ்கள் என்னிடமே ஒரு கட்டு இருக்கின்றன.

கற்பிக்க ஆள் இல்லை என்பது உண்மையான சிக்கல். கணினித்துறை ஆசிரியருக்குக் கருவி தெரியும், கொளு (பாட்டின் கருத்தைச் சொல்லும் குறிப்பு) எது பாட்டு எது என்று தெரியாது. நமக்கு மறுதலை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நிற்கிற மாதிரி கால அட்டவணை போடுங்கள். முதல் ஆண்டு தடுமாறும்.

அந்த மாணவி மூன்று வாரம் உட்கார்ந்து கூற்றுக் குறிப்புகளைத் தனிப் பத்திக்கு மாற்றிவிட்டார். இப்போது யார் பேசும்போது “தோழி” என்ற விளி வருகிறது என்று தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறார். இயல் தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் சம்மதத்தோடு, திருத்துவதற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர நான் தயார். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரித் தமிழாசிரியர்