தீர்ப்புக்குக் காரணம் சொல்லுங்கள்: சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பனித்தளத்தில் இசைக்கேற்ப ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளை நெடுங்காலமாகப் பார்த்துவருபவன், ஒவ்வொரு போட்டி முடிந்த பின்னும் நீங்கள் வெளியிடும் மதிப்பெண் பட்டியல்களை வரிவரியாகப் படிப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் ஒன்றியம் 1892-இல் தொடங்கப்பட்டது. இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட விளையாட்டில், ஒரு பெரிய போட்டியின் பதக்க மேடை கலைவதற்குள் "இந்த முடிவு சரிதானா?" என்ற வாக்குவாதம் எழுவது வழக்கமாகிவிட்டது. தோற்றவரின் ரசிகர்கள் எந்த விளையாட்டிலும் மனம் புழுங்கவே செய்வார்கள். ஆனால் இங்கே வென்றவருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது.

நடுவரின் ரசனைக்கு இடம் இருக்கக் கூடாது என்று வாதிட நான் வரவில்லை. ஒரு மும்முறைச் சுழல் தாவலின் உயரத்தையும் தூரத்தையும் கருவியால் அளந்துவிடலாம். தரையிறங்கிய காலின் விளிம்பு பனியில் எவ்வளவு ஆழமாக ஓடியது, இசையின் ஒரு நீண்ட சுரத்துக்குள் அந்த உடல் எப்படி நின்று எழுந்தது என்பவற்றைப் பயிற்சி பெற்ற மனிதக் கண்தான் சொல்ல முடியும். நேர்மையான இருவர் ஒரே ஆட்டத்துக்கு 8.50 என்றும் 9.00 என்றும் மதிப்பெண் போடலாம். இருவருமே சரியாக இருக்கலாம். 1994 லில்லெஹாம்மர் ஒலிம்பிக்கின் பெண்கள் பிரிவில் உக்ரைனின் ஒக்சானா பையுல், அமெரிக்காவின் நான்சி கெரிகனை ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் கணக்கில் வென்றார். அதிலும் ஒரு நடுவரின் தாளில் இருவரும் சமமாக நின்றதால், கலைக்கான மதிப்பெண்ணே அவரது வாக்கை முடிவு செய்தது. என் கண்ணுக்கு அன்று கெரிகனின் ஆட்டமே மேலானதாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஆயினும் எந்த நடுவர் யாரை முன்வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அந்த முடிவை ஒரு கருத்து வேறுபாடாக என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 2002 பிப்ரவரியில் நடந்ததை அப்படி ஏற்க முடியாது. இணையர் பிரிவில் ரஷ்யாவின் எலெனா பெரெஷ்னயா, ஆன்டன் சிகாருலிட்ஸே இணை, கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே இணையை அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் வென்றது. பிரெஞ்சு நடுவர் மரி-ரேன் லெ கூன், தம் நாட்டுக் கூட்டமைப்பின் தலைவர் டிடியே கையகே கொடுத்த அழுத்தத்தால் ரஷ்ய இணைக்கு வாக்களித்ததாக முதலில் சொன்னார், பின்னர் மறுத்தார். நீங்கள் இருவரையும் மூன்றாண்டுகள் தடை செய்தீர்கள். 2006 ஒலிம்பிக்கிலிருந்தும் விலக்கினீர்கள். கனடா இணைக்கு இரண்டாவது தங்கம் வழங்கப்பட்டது. அதனால் பழி நீங்கிவிடவில்லை. எந்தத் தவறும் செய்யாத ரஷ்ய இணையின் வெற்றிமீது அது நிரந்தரமாகப் படிந்துவிட்டது.

அதன்பின் நீங்கள் செய்தவற்றில் ஒன்றை மனமாரப் பாராட்டுகிறேன். 6.0 என்ற பழைய அளவுகோலைக் கைவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனி அடிப்படை மதிப்பு, அதன்மேல் செய்நேர்த்திக்கான கூட்டல் கழித்தல், கலைத்திறனுக்குத் தனி மதிப்பெண் என்று 2004-இல் கொண்டுவந்த முறை, எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று சாதாரணப் பார்வையாளனும் ஆராய வழிசெய்தது. ஆனால் அதே சீர்திருத்தக் காலத்தில் நடுவர்களின் பெயர்களை அவர்கள் போட்ட மதிப்பெண்களிலிருந்து பிரித்து மறைத்தீர்கள். கூட்டமைப்புகளின் அழுத்தத்திலிருந்து நடுவரைக் காக்கவே இது என்றீர்கள். யார் என்ன மதிப்பெண் போட்டார் என்பது உலகுக்குத் தெரியாமல் போனால், நேர்மையற்றவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். டார்ட்மத் கல்லூரியின் பொருளியலாளர் எரிக் ஜிட்ஸெவிட்ஸ் இந்தக் காலத்து மதிப்பெண்களை ஆராய்ந்து, பெயர் மறைப்புக்குப் பின் சொந்த நாட்டுச் சார்பு குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது என்று காட்டினார்.

அந்த மறைப்பின் முழு விலையையும் 2014 சோச்சி ஒலிம்பிக் கொடுத்தது. பெண்கள் ஒற்றையர் பிரிவில் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 224.59 புள்ளிகளுடன் தங்கமும், முந்தைய ஒலிம்பிக்கின் வெற்றியாளரான தென் கொரியாவின் கிம் யு-னா 219.11 புள்ளிகளுடன் வெள்ளியும் பெற்றனர். இந்த முடிவைத் திருட்டு என்பவர்களும், இதில் கேட்கவே ஒன்றுமில்லை என்பவர்களும் மதிப்பெண் பட்டியலைப் பொறுமையாகப் படித்ததாகத் தெரியவில்லை. முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் கிம் 0.28 புள்ளி முன்னிலையில் இருந்தார். இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் சோட்னிகோவா பெற்றது 149.95, கிம் பெற்றது 144.19, வித்தியாசம் 5.76. இதில் 3.94 புள்ளி அடிப்படை மதிப்பிலிருந்து வந்தது. சோட்னிகோவா ஏழு மும்முறைத் தாவல்களும் கிம் ஆறும் செய்தார்கள் என்பது அதற்கு முக்கியக் காரணம். செய்நேர்த்தியில் வித்தியாசம் 1.91. கலைக் கூறுகளில் கிம் 0.09 புள்ளி முன்னால் இருந்தார். ஆக, வெற்றியின் பெரும்பகுதி திட்டமிட்ட கடினத்தால் ஈட்டியது என்று நியாயமாகவே வாதிடலாம்.

ஆனால் வாதம் அத்துடன் முடிவதில்லை. அந்த அடிப்படை மதிப்பின் ஒரு பகுதி, பனியில் இடும் காலடித் தொடருக்கு, நடுவர்களிலிருந்து தனியான தொழில்நுட்பக் குழு வழங்கும் கடின நிலையைப் பொறுத்தது. சோட்னிகோவாவுக்கு நான்காம் நிலையும் கிம்முக்கு மூன்றாம் நிலையும் கிடைத்தன. ஏன் என்று எவரும் விளக்கவில்லை. ஒரு கூட்டுத் தாவலின் முடிவில் சோட்னிகோவா தடுமாறினார். கிம் அன்று எங்கும் தடுமாறவில்லை. ஆண்டாண்டாகக் கலையின் உச்சமாகப் போற்றப்பட்ட ஒருவருக்கும், பதினேழு வயதில் வேகமாக முன்னேறிவந்த ஒருவருக்கும் கலைக் கூறுகளில் பத்தில் ஒரு பங்குப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை என்பது என்னால் ஒப்ப முடியாத மதிப்பீடு. நடுவர் குழுவில் ரஷ்யக் கூட்டமைப்பின் உயர் நிர்வாகி ஒருவரின் மனைவி இருந்தார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பனி நடனப் போட்டியின் முடிவை முன்கூட்டியே பேசிவைக்க முயன்றதற்காக ஓராண்டு தடை பெற்ற யூரி பால்கோவும் இருந்தார். கொரியத் தரப்பு இந்தக் குழு அமைப்பைக் குறித்து அளித்த புகாரை நீங்கள் தள்ளுபடி செய்தீர்கள். அந்த இருவரும் அன்று முழு நேர்மையுடன் மதிப்பெண் போட்டிருக்கலாம். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்ததால் அதை அவர்களாலும் நிறுவ முடியவில்லை, ஐயம் கொண்டவர்களாலும் எதையும் காட்ட முடியவில்லை. தம் வாழ்வின் சிறந்த ஆட்டத்தை அன்று ஆடிய சோட்னிகோவாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி, கிம்முக்கு நேர்ந்திருக்கக்கூடியதைவிடச் சிறியதென்று நான் கருதவில்லை.

2016-இல் துப்ரோவ்னிக் மாநாட்டில் பெயர் மறைப்பை நீக்கினீர்கள். பலன் உடனே தெரிந்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் சொந்த நாட்டவருக்குச் சார்பாக மதிப்பிட்டதாக இரண்டு சீன நடுவர்களை, ஒருவரை ஓராண்டுக்கும் மற்றவரை இரண்டாண்டுக்கும் தடை செய்ய உங்களால் முடிந்தது. பெயர் வெளியே இருந்ததால் எந்த மதிப்பெண் யாருடையது என்று பார்வையாளர்களும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இருப்பினும் நோயின் வேர் அப்படியேதான் இருக்கிறது. நடுவரைப் பரிந்துரைப்பது இன்றும் அவரது தேசியக் கூட்டமைப்பு. அடுத்த உலகப் போட்டிக்கு அவர் போவதும் போகாததும் அந்தக் கூட்டமைப்பின் விருப்பத்தில் இருக்கிறது. அதே கூட்டமைப்பின் வீரருக்கு அவர் மதிப்பெண் போடுகிறார். பனிச்சறுக்குத் தாவல் போட்டிகளில் நடுவர்களைச் சர்வதேச அமைப்பு தேர்ந்தெடுக்கிறது என்பதையும், அங்கே ஒரு நடுவரின் சார்பை மற்ற நடுவர்கள் ஈடுகட்டும் போக்கே காணப்படுகிறது என்பதையும் மேலே சொன்ன அதே பொருளியலாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அவர் கண்டது வேறு: நடுவர்கள் ஒருவருக்கொருவர் வாக்கைக் கைமாற்றிக்கொள்வதற்கான தடயங்கள்.

ஒன்பது மதிப்பெண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிடுகிறோம், எனவே தனியொரு நடுவரால் முடிவை மாற்ற முடியாது என்பது உங்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கலைக் கூறுக்கு ஒன்பது நடுவர்கள் 8.50 மூன்று முறையும், 8.75 மூன்று முறையும், 9.00 இரு முறையும், 9.25 ஒரு முறையும் போட்டதாகக் கொள்வோம். இரு முனைகளையும் நீக்கினால் சராசரி 8.75. இப்போது 8.50 போட்டவர்களில் ஒருவர் மட்டும் 9.75 போடுகிறார். அவரது 9.75 நீக்கப்படும், ஆனால் முன்பு நீக்கப்பட்ட 9.25 உள்ளே வந்துவிடும், சராசரி ஏறத்தாழ 8.86 ஆகும். பெண்கள் ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்று கலைக் கூறுகளிலும் இதே உயர்வு வந்து, அதை 2.67 என்ற இன்றைய பெருக்கெண்ணால் பெருக்கினால், இது முக்கால் புள்ளியைத் தாண்டுகிறது. எதிர்ப் போட்டியாளரின் மதிப்பெண்ணை அதே நடுவர் இதே அளவு இறக்கினால் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் இடைவெளி விழும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கின் ஆண்கள் பிரிவில் அமெரிக்காவின் எவன் லைசாசெக், ரஷ்யாவின் யெவ்கேனி பிளுஷென்கோவை வென்ற இடைவெளி 1.31 புள்ளிதான். நான் லைசாசெக்கின் வெற்றியை ஐயுறவில்லை. இந்த அளவு சிறிய இடைவெளிகளில்தான் ஒலிம்பிக் தங்கம் தீர்மானமாகிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

இதைவிடவும் அமைதியாக நடக்கும் இன்னொரு பிழை எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. சராசரியிலிருந்து மிகவும் விலகிய நடுவர் விளக்கம் சொல்ல நேரும் என்பதால், எல்லோரும் எதிர்பார்க்கும் எண்ணை ஒட்டியே மதிப்பெண் போடுவது நடுவருக்குப் பாதுகாப்பாகிறது. கலைக் கூறுகள் ஐந்தாக இருந்தபோதும், 2022-23 பருவத்தில் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்றாகக் குறைக்கப்பட்ட பின்னும், ஒரே வீரரின் கூறுகள் ஏறினால் ஒன்றாக ஏறுகின்றன, இறங்கினால் ஒன்றாக இறங்குகின்றன. புகழ்பெற்றவர் இருமுறை விழுந்தாலும் வெளிப்பாட்டில் ஒன்பதை நெருங்குகிறார். போட்டியின் தொடக்கத்திலேயே ஆடும் குழுவில் வரும் அறிமுகமற்ற இளைஞர், அரங்கையே எழுந்து நிற்க வைத்தாலும் ஏழைத் தாண்டத் திணறுகிறார். நடுவர்கள் அங்கே மதிப்பிடுவது அன்றைய ஆட்டத்தையா, வந்தவரின் பெயரையா என்ற கேள்வி நியாயமானது. ஒரே நடுவர் சில நிமிடங்களுக்குள் பன்னிரண்டு தொழில்நுட்ப அம்சங்களின் செய்நேர்த்தியையும் பார்த்து, கலையையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இதற்குப் பாதிக் காரணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மதிப்பெண் சர்ச்சைக்குப் பின் ஜிம்னாஸ்டிக்ஸ், கடினத்துக்கும் நேர்த்திக்கும் தனித்தனி மதிப்பெண் என்ற முறைக்கு மாறியது; அவற்றைத் தனித்தனிக் குழுக்களே மதிப்பிடுகின்றன. கலைக் கூறுகளுக்கெனத் தனி நடுவர் குழு அமைக்க உங்களுக்கு இருக்கும் தடை செலவைத் தவிர வேறில்லை என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்பக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாவலின் சுழற்சி கால் சுற்று குறைந்ததா, அதைவிட அதிகமாகக் குறைந்ததா என்பதை மூவர் கொண்ட அந்தக் குழு மறு ஒளிபரப்பில் பார்த்து முடிவு செய்கிறது. அந்தச் சிறு குறியீடு ஒன்றே பல புள்ளிகளைப் பறிக்கும். தொலைக்காட்சியில் பல கோணங்களில் பார்க்கும் ரசிகருக்குத் தெரிவதும், குழுவின் திரையில் தெரிவதும் ஒன்றாக இருப்பதில்லை. குழு பார்த்த அதே காட்சியை, ஐயத்துக்குரிய தாவல்களுக்கு மட்டுமாவது, மதிப்பெண் பட்டியலுடன் வெளியிடுங்கள். ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும். வாக்குவாதங்களில் பாதி அன்றே அடங்கிவிடும். கூட்டல் பிழையைத் தவிர வேறெதற்கும் மேல்முறையீடு இல்லை என்ற உங்கள் விதியையும் இந்த இடத்தில் தளர்த்த வேண்டும். ரசனைக்கு மேல்முறையீடு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுழற்சி குறைந்ததா, விளிம்பு சரியா என்பவை ரசனை சார்ந்தவை அல்ல. காணொளியைப் பார்த்து அன்றிரவே திருத்தக்கூடியவை.

ஒலிம்பிக்குக்கும் உலகப் போட்டிக்கும் நடுவர்களைக் கூட்டமைப்புகளின் பரிந்துரையின்றி நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே ஊதியம் கொடுத்து, அவர்களின் பல ஆண்டு மதிப்பெண் வரலாற்றைப் பொதுவில் வையுங்கள். கூட்டமைப்புகள் வாக்களிக்கும் மாநாட்டில் இத்தகைய தீர்மானம் எளிதில் நிறைவேறாது என்பதை அறிவேன். அதை முன்மொழிய வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

கடைசியாக ஒரு கோரிக்கை. இதற்கு மாநாடும் வேண்டாம், விதித் திருத்தமும் வேண்டாம். பெயர் மறைத்து நடத்திய பருவங்களின் முழு மதிப்பெண்கள், எந்த நடுவர் எதைப் போட்டார் என்ற விவரத்துடன், உங்கள் லோசான் அலுவலகத்தில் இருக்குமானால் அவற்றை வெளியிடுங்கள். சோச்சியின் ஃப்ரீ ஸ்கேட் பட்டியலை முதலில் வெளியிடுங்கள். அந்த விவரம் அழிக்கப்பட்டிருந்தால், எப்போது, யார் உத்தரவின்படி அழிக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். சோட்னிகோவாவும் கிம்மும் போட்டிப் பனியை விட்டு விலகிவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் நீங்கள் தர வேண்டிய பதில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டை நேசிக்கும் ஒரு பார்வையாளன்