லேசர் கண் சிகிச்சைக்கு நாள் கொடுக்கும்போதே லென்ஸைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகநூலைத் திறந்தாலே லேசர் கண் சிகிச்சை விளம்பரம்தான். பத்து நிமிடத்தில் முடியுமாம், வலிக்காதாம், மறுநாளே கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாமாம், போதாததற்குத் தீபாவளி விலைக்கழிவு வேறு. எல்லாம் சரி, அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கோ பினாங்குக்கோ லீவு போட்டுப் போகிறவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

என் அக்காள் மகள் கல்யாணத்துக்கு முன் கண்ணாடியை விட்டுவிட வேண்டும் என்று ஒரு மையத்துக்குப் போன் செய்து நாள் வாங்கினாள். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பணம் எப்படிக் கட்டுவீர்கள் என்று எல்லாம் கேட்டவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. நேரில் போன பிறகுதான், நேற்று வரை லென்ஸ் போட்ட கண்ணில் அளவெடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது நியாயம்தான், அதில் எனக்குக் கோபமே இல்லை. முன்பே சொல்லாததுதான் கோபம்.

பாயில் படுத்தெழுந்தால் கன்னத்தில் தடம் விழுகிற மாதிரி, தினமும் லென்ஸ் போட்டால் கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம், கொஞ்சம் வடிவம் மாறிவிடுகிறது. அந்த மாறிய வடிவத்தை அளந்து அதன்படி லேசரை ஓட்டினால் கணக்கு தப்பும். அதனால்தான் சாதாரண மெல்லிய லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்; வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் கூடலாம். ஆன்லைனில் வாங்கிப் போடும் கலர் லென்ஸில் பவர் இல்லையே, அது கணக்கில் வராது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரும், அதுவும் லென்ஸ்தான்.

அடுத்தது கார்னியாவின் தடிமன். சராசரியாக 540 மைக்ரான் அளவில் இருக்கும், அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். நாம் பவர் 400 என்று சொல்வதை டாக்டர் மைனஸ் 4 என்று எழுதுவார், அதற்கு லேசர் ஏறக்குறைய 50, 60 மைக்ரானைத் தேய்த்து எடுக்கும். லாசிக் என்ற லேசர் முறையில் கார்னியாவின் மேலே ஒரு மெல்லிய மூடியும் வெட்டுகிறார்கள், இவ்வளவும் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும், பல டாக்டர்கள் அதற்கும் மேலே வேண்டும் என்பார்கள். ஆகவே உங்கள் கண்ணுக்கு லேசர் வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், விலைக்கழிவு முடிவதற்குள் வேறு இடம் தேடி ஓடாதீர்கள். கார்னியா மெலிந்து கூம்பு மாதிரிப் புடைத்துக்கொண்டு வரும் கெரட்டோகோனஸ் என்ற நோய் இருப்பவருக்கு லாசிக் செய்தால் பார்வை இன்னும் மோசமாகும். கண்ணைக் கசக்கும் பழக்கம், அடிக்கடி மாறும் பவர், வீட்டில் யாருக்காவது இந்த நோய், இதையெல்லாம் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சர்க்கரை நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும். (நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், லேசர் செய்தாலும் பத்திரிகை படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.)

நம் பக்கத்துக்காரர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டியது என்ன வேலை செய்கிறோம் என்பது. செம்பனைக் குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார், தூசியும் மட்டைத் துணுக்கும் முகத்தில்தான் விழும். சிலம்பம் ஆடுகிற பையனுக்குக் கம்பு எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. லாசிக்கில் வெட்டிய மூடி, பலமாக அடிபட்டால் பின்னாளிலும் விலகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு மூடியே வெட்டாத பிஆர்கே என்ற லேசர் முறை பொருந்துமா என்று டாக்டர் பார்ப்பார். அதில் முதல் சில நாள் வலி உண்டு, பார்வை தெளியவும் நாளாகும், ஆனால் விலக மூடி இல்லை. நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

தீபாவளி லீவில் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பண்டிகைக்கு முன்தினம் செய்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாது. முதல் வாரம் கண்ணில் தண்ணீரோ சோப்போ படக் கூடாது, வாசலில் பட்டாசுப் புகையும் ஆகாது. சிகிச்சை நாளில் கண்மை, பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். பரிசோதனைக்கே கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், ஆகவே மோட்டாரில் தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இத்தனையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அடங்கிவிடும். நாள் கொடுக்கும் மையங்கள், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதைத் தமிழிலும் மலாயிலும் அனுப்பலாம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும் ஒரு கண் டாக்டரைக் கேட்டு இதை விவரமாகப் போட்டால் நன்றாக இருக்கும், தீபாவளிக்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்