பொங்கல் கழித்து வா, தாயி

பெருமாள்மலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

தீபாவளி லீவில் தோழிகள் ஐந்து பேரோடு வந்து, கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி கிராமம் வழியாகக் கும்பக்கரை அருவிக்கு நடந்து இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வா, தாயி. ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். பொங்கல் கூட்டம் வடிந்தபின், ஜனவரிக் கடைசியில் ஒரு வார நாளாகப் பார்த்து வைத்துக்கொள். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். தோழிகளுக்கும் வாசித்துக் காட்டு.

நம் மலைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கும்பக்கரையில் விழுவது பாம்பாற்றுத் தண்ணீர். அது மேலே கொடைக்கானல் சரிவில் இருந்து வருகிறது. வட்டக்கானல் பக்கம் மேகம் கொட்டினால், கீழே பெரியகுளத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் இறங்கும். குளிக்கிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி டீ நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும், பச்சை மண் வாடை வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பை, போன், செருப்பு எதையும் எடுக்க நிற்காதீர்கள். பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும். நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் வழி அடைபட்டுப் போகும். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

வெள்ளம் இல்லாத நாளிலும் கும்பக்கரையில் கவனம் வேண்டும். அங்கே யானை கசம், அண்டா கசம், உரல் கசம், பாம்பு கசம் என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. கசம் என்றால் தண்ணீர் குடைந்த ஆழக் குழி. மேலே அமைதியாகத் தெரியும், கால் வைத்தால் தரை இருக்காது. நுரை பொங்கும் இடம் இன்னும் மோசம். அந்தத் தண்ணீரில் பாதி காற்று. நீச்சல் தெரிந்தவரைக்கூட அது தூக்கிக் கொடுக்காது, விழும் நீர் மறுபடி மறுபடி உள்ளேதான் தள்ளும். அருவி நேராக விழும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள், தண்ணீரோடு கல்லும் கட்டையும் சேர்ந்து வரும். பாறையில் கருப்பாக மினுங்குவது பாசி. வெள்ளையாய்ச் சொரசொரப்பாக உலர்ந்த பாறையில் மட்டும் கால் வை. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதே. துப்பட்டாவோ கயிறோ வீசு. 15 மீட்டர் நைலான் கயிறு ஒன்று உன் பையிலேயே இருக்கட்டும்.

வழியில் ஓடை கடக்க நேர்ந்தால் குறுகிய இடத்தைத் தேடாதே, அங்கேதான் ஆழமும் வேகமும். அகன்று பரவி ஓடும் இடம் பார். ஷூவைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில் அடி எடுத்து வை. முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் அன்றைக்கு அந்த ஓடையைக் கடக்காதே.

இனி இறக்கம். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று தோழிகள் நினைப்பார்கள். வட்டக்கானலில் இருந்து கும்பக்கரைக்கு ஒரே நாளில் 1500 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். டால்பின் நோஸ் பாறை முனை வரையிலேயே மர வேரும் கல்லுமாகச் செங்குத்துதான். மூச்சு வாங்காததால் வேகம் கூடிவிடும். தொடை களைத்த பிறகு முழங்கால் நடுங்கும், அப்போதுதான் கணுக்கால் பிசகும். அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடித்தே நட. சரளைக் கல்லில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கு. முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், இல்லாவிட்டால் ஷூ முனையில் இடித்து நகம் கருத்துவிடும். புது ஷூ வேண்டவே வேண்டாம், பழகினதைப் போடு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், லேசில் காயாது.

காலை 7 மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். மேலே கூதல் அடிக்கும், ஸ்வெட்டர் கேட்கும். வெள்ளகவி தாண்டினால் நிழல் குறைந்து முள்காடு வரும், 10 டிகிரியாவது சூடு கூடியிருக்கும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அதனால்தான். ஸ்டீல் பாட்டிலில் கொண்டு வாருங்கள், இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மதியம் 12 மணிக்குள் வெள்ளகவியைத் தொடாவிட்டால் மிச்ச இறக்கத்தை விட்டுவிட வேண்டும். பள்ளத்தில் 5 மணிக்கே இருட்டு கட்டும். வெள்ளகவிக்குள் ஊர்க்காரர்கள் செருப்புப் போடுவதில்லை. எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி இல்லாமல், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடியும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் வெந்து போனதை நீ மறந்திருக்க மாட்டாய். பிப்ரவரி நடுவில் இருந்தே புல் காய்ந்துவிடும், தீக்காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடுவார்கள். மழைக்கும் தீக்கும் நடுவே கிடைக்கிற நல்ல காலம் ஜனவரி. பாதை காய்ந்திருக்கும், அருவியிலும் தண்ணீர் இருக்கும். அட்டையும் குறைவு. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதே, வாய்ப் பக்கத்தை நகத்தால் நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயம் இல்லை. வட்டக்கானல் ரோட்டில் காட்டுமாடு நின்றால் படம் எடுக்கக் கிட்டப் போகக் கூடாது. தலையைத் தாழ்த்திச் சீறினால் முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

லீவு தீபாவளிக்குத்தான் கிடைக்கும் என்றால் அப்போதும் வா, அருவிகளைத் தூரத்தில் இருந்து பார்ப்போம். டம்டம் பாறையில் நின்றால் எதிரே தலையாறு அருவி, 297 மீட்டர், எலிவால் மாதிரி ஒற்றைக் கோடாகத் தொங்கும். மழை விட்ட காலையில், பனிமூட்டம் ஏறும் முன் பார்க்க வேண்டும். அந்த அழகுக்காகவே தனியாக ஒரு தடவை வரலாம். வெள்ளி நீர்வீழ்ச்சி 55 மீட்டர். கொடைக்கானல் ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, ஊர்க் கழிவும் கலந்திருக்கும், வாயில் படாமல் பார்த்துக்கொள். அஞ்சுவீடு அருவிப் பக்கம் எந்த மாதமும் வேண்டாம், அந்தக் கசத்தில் போன பிள்ளைகள் நிறைய.

கொடை ரோட்டில் ரயில் இறங்கி அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸ் தேவையில்லை, கார் என்றால் முன்பே எடுத்துவிடு. ஆறு பேரின் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்பு. யாருக்காவது ஆஸ்துமாவோ முழங்கால் வலியோ இருந்தால் அதையும் மறைக்காமல் எழுது, அவர்கள் டால்பின் நோஸ் வரை போய்த் திரும்பினால் போதும். கும்பக்கரையில் 4 மணிக்கு ஜீப் நிற்கும்படி சொல்லி வைக்கிறேன். தேதியை இந்த வாரமே முடிவு செய்.

அன்புடன்,
அப்பா