எழுத்துகள் அழிவதற்குள்: பழைய கல்லறைத் தோட்டத்துக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஒரு குடும்பம் நம் நகரின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கொள்ளுப்பாட்டியின் கல்லறையைத் தேடி வந்தது. பதிவேட்டில் வரிசை எண் இருந்தது. ஆனால் அந்த வரிசைக்குப் போக வழியில்லை, இடுப்பளவு புதர். ஒருவழியாக ஒதுக்கிக்கொண்டு போனால், கல்லில் பெயர் தெரியவில்லை. எங்களில் ஒருவர் கைக்கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் அடித்தார். முதலில் ஆண்டு தெரிந்தது, அப்புறம் பெயரின் கடைசி இரண்டு எழுத்து, பிறகு முழுப் பெயரும். கூட வந்த மூத்த அம்மா அதை வாய்விட்டுப் படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இப்படியே விட்டால், கண்ணாடி வைத்தாலும் அந்தப் பெயர் தெரியாத நாள் வரும். சலவைக்கல்லை அமிலம் கலந்த மழைநீர் கரைத்துக்கொண்டே இருக்கிறது. கற்களை இணைத்த இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளக்கின்றன. நல்ல எண்ணத்தில் சிமென்ட் பூசிய இடங்கள்தான் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஆகவே சிமென்ட் கூடாது, ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடாது. சுண்ணாம்புச் சாந்து, தண்ணீர், மென்மையான பிரஷ், பொறுமையுள்ள கொத்தனார், இவைதான் வேண்டும். செலவு கூடுதல்தான். மலிவாகச் செய்து கல்லைக் கெடுப்பதைவிடச் செய்யாமலே விடலாம் என்பது எங்கள் முடிவு.

உங்கள் பணம் முதலில் நடைபாதைக்குப் போகும். ஆட்கள் நடமாடும் தோட்டத்தைத்தான் காப்பாற்ற முடியும். லண்டனில் 1839-ல் திறந்த, கார்ல் மார்க்ஸ் அடக்கமாகியிருக்கும் ஹைகேட் கல்லறைத் தோட்டமும் ஒரு காலத்தில் காடாகக் கிடந்ததுதான். 1975-ல் ஆர்வலர்கள் ஒன்றுகூடி அதை மீட்கத் தொடங்கினார்கள். இன்று பார்க்க வருபவர்கள் தரும் கட்டணமும் அதன் பராமரிப்புக்கு உதவுகிறது.

அடுத்து, வருபவர்களுக்கு ஒரு வரைபடமும் வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும். பாரிஸில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில் அன்பர்கள் பதித்த லிப்ஸ்டிக் முத்தங்களே கல்லை அரித்தன. 2011-ல் கண்ணாடித் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. எதைத் தொடலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

சிறு தொகையானாலும் சரி, தோட்ட அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் வாசல் பலகையில் ஒட்டுவோம். பணம் தர இயலாதவர்கள் ஞாயிறு காலை புதர் வெட்ட வரலாம். அப்புறம், வீட்டுப் பெட்டியில் பழைய கல்லறைப் புகைப்படம் ஏதாவது இருந்தால் ஒரு நகல் தாருங்கள். அழிந்துபோன வரிகளைப் படிக்க எங்களுக்கு வேறு துணை இல்லை.

மழைக்கு முன் முதல் வரிசையை முடித்துவிட வேண்டும் என்றிருக்கிறோம்.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழுவினர்