ஞாயிறு பயிற்சி: மோட்டார் பேனல் பழுது கண்டுபிடித்தல்

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பழைய எலக்ட்ரிகல் லேப்பில் பயிற்சி. மதியம் 1 மணிக்கு முடித்துவிடலாம்.

1. ஸ்டார்-டெல்டா பேனல் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் ஸ்டார்ட் செய்யும் பேனல்) ஒன்றில் வேண்டுமென்றே பழுது வைத்திருப்போம். வயரிங் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

2. ஓவர்லோடு ரிலே (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் கருவி) ட்ரிப் ஆனதும் காரணம் பார்க்காமல் ரீசெட்டை அழுத்தும் பழக்கத்தை விடுவோம். மூன்று பேஸிலும் (மோட்டாருக்கு வரும் மூன்று சப்ளை லைன்) கிளாம்ப் மீட்டர் வைத்து கரண்டைப் பாருங்கள். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் கரண்ட் ஏறும். ரீசெட் செய்து திரும்பத் திரும்ப ஓட்டினால் மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) கருகிவிடும். அன்றைக்கு அதிக நேரம் இதற்குத்தான்.

3. கான்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளையை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) கடகடவென்று அடித்தால் முதலில் அதன் காயிலுக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள்.

4. மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைக்கும் முன் டிரைவிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் கருவி) மோட்டார் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் டிரைவே போய்விடும்.

5. மல்டிமீட்டர், வேலையின்போது யாரும் சப்ளையை ஆன் செய்யாதபடி ஸ்விட்சில் போடும் பூட்டு, பெயர் எழுதிய டேக் கொண்டு வாருங்கள். பூட்டு இல்லாதவர் பேனலைத் தொடக் கூடாது, இதில் சலுகை கிடையாது.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயரைப் போடுங்கள். அப்புறம், உங்கள் வேலையிடத்தில் தீராத பழுது ஏதாவது இருந்தால் பேனல் போட்டோவும் அனுப்புங்கள். அதையும் எடுத்துப் பார்க்கலாம்.