எங்கள் மனுவையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்

ஊராட்சித் தனி அலுவலர் அவர்களுக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப் பிளஸ் ஒன் மாணவிகளான எங்களைத்தான் கூப்பிட்டீர்கள். பாடினோம். அப்புறம் பள்ளிக் கழிவறைக்குத் தண்ணீர் கேட்டு எழுதிய மனுவை வாசிக்க எழுந்தபோது, "ஓட்டுப் போடுற வயசு வந்த பிறகு பேசலாம், இப்பப் போய்ப் படிங்கம்மா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள். மிட்டாய் கொடுத்து அனுப்பினீர்கள். மனு தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

அதில் இருந்ததை மறுபடி சொல்கிறேன். எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. பதினோரு மணிக்கு மேல் ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளும். வெயிலுக்காகத் தண்ணீர் குடிக்கப் பள்ளியில் மணி அடிக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. மணி அடித்ததும் பையன்கள் மடக்மடக்கென்று குடிப்பார்கள். நாங்கள் பாட்டிலைத் திறந்து நாக்கை நனைத்துக்கொண்டு மூடிவிடுவோம். கழிவறைத் தொட்டியில் தண்ணீர் முதல் இடைவேளையோடு தீர்ந்துபோகும். மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் வருவதே இல்லை. என் தோழிக்கு இந்த வருஷம் இரண்டு முறை நீர்க்கடுப்பு. "நிறையத் தண்ணீர் குடி" என்றார் டாக்டர். குடிக்கலாம், குடித்துவிட்டு எங்கே போவது?

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-லேயே அரசு அறிவித்துவிட்டது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் சொல்வதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா அதை ஏற்றது 1992-ல், என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலேயே பேசினார். கிளாஸ்கோவில் பேச முடிகிறது, நம் ஊர் ஆலமரத்தடியில் முடியவில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தின ஊர்வலத்தில் 'பூமியைக் காப்போம்' பலகை பிடிக்க மட்டும் ஓட்டு தேவைப்படவில்லை. அன்றைக்கு நாங்கள் நாளைய தலைவர்கள்!

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூரையை அப்புறம் பார்க்கலாம். கழிவறைத் தொட்டிக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வர ஒரு தனிக் குழாய் வேண்டும் என்ற எங்கள் மனுவை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள். தீர்மான எண்ணைச் சொன்னால் போதும், நகலை நாங்களே ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம். திங்கட்கிழமை சாயங்காலம் எங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லை.

இப்படிக்கு,
மனு கொடுத்த பிளஸ் ஒன் மாணவிகளில் ஒருத்தி